விதையா, போத்தா, பதியமா, ஒட்டா? கன்று நடுமுன் எடைபோட வேண்டியவை

முருங்கையை விதை ஊன்றி வளர்ப்பதா, போத்து வெட்டி நடுவதா என்றும், கொல்லையில் தானாக முளைத்த மாங்கன்றை விட்டுவைப்பதா, அதை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வாங்கி வைப்பதா என்றும் ஆடிப்பட்டம் நெருங்கும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கிறார்கள். நர்சரிக்காரரைக் கேட்டால் தம்மிடம் இருப்பதைச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டால் தாம் வைத்துப் பிழைத்ததைச் சொல்வார். இருவரும் பொய் சொல்வதில்லை. ஆனால் முருங்கைக்குப் பொருந்தும் முறை மாமரத்துக்குப் பொருந்தாது என்பதும், அதே முருங்கைக்கு வீட்டுக்கொல்லையில் ஒரு விடையும் இரண்டு ஏக்கர் தோட்டத்தில் வேறு விடையும் உண்டு என்பதும் அந்தப் பதில்களில் வெளிப்படுவதில்லை.

பூவில் மகரந்தம் சேர்ந்து சூல் கருவுறுவதால் உண்டாகும் விதை, பெரும்பாலான மரங்களில் இரண்டு பெற்றோரின் குணங்கள் கலந்த புதிய செடியைத் தருகிறது. போத்து, பதியம், ஒட்டு, வாழைக்கன்று, கிழங்கு ஆகியவற்றில் பூவுக்கு வேலையே இல்லை. தாய்ச்செடியின் உடலில் ஒரு துண்டு தனியே வேர்பிடித்துப் பிழைக்கிறது. ஆகவே தாயின் இனிப்பும் மணமும் மாறாமல் வருகின்றன. தாயின் உடலில் வைரஸ் இருந்தால் அதுவும் உடன் வருகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பிற கணக்குகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது விளங்கும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, தாயின் குணம் அப்படியே வேண்டுமா என்பது. நிழலுக்கு வைக்கும் வேம்புக்கு இது தேவையில்லை. இமாம்பசந்த் மாம்பழத்துக்கு இதுவே எல்லாம். இரண்டாவது, காய்ப்புக்காகக் காத்திருக்கும் காலம். விதையிலிருந்து வரும் மரம் தன் இளமைப் பருவத்தைக் கடந்த பிறகே பூக்கும். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்து எடுத்த கிளை, வயதில் முதிர்ந்ததாகையால், அந்தப் பருவத்தை மறுபடி கடக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வேர். தென்னை, பனை போன்றவை நீங்கலாக, விதையில் வரும் செடிக்கு ஆணிவேர் உண்டு. கிளையில் வரும் செடிக்குப் பக்கவாட்டில் பரவும் வேர்களே பெரும்பாலும் அமைகின்றன. நான்காவது, நோய். ஐந்தாவது, செலவும் கைத்திறனும். அதாவது எத்தனை கன்றுகள் வேண்டும், அவற்றை நாமே உண்டாக்க முடியுமா என்பது.

கன்றின் விலையைத் தனி அளவுகோலாக நான் சேர்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் நிற்கப்போகும் மரத்துக்குக் கன்று விலையில் மிச்சம் பிடிப்பது பொருளற்றது. ஆயிரக்கணக்கில் கன்று வாங்கும் வாழைத் தோட்டத்துக்கு மட்டுமே அந்தக் கணக்கு உண்மையான கணக்கு.

## விதை

ஈரத்தை உறிஞ்சிப் பருத்த விதையின் உறை வெடித்ததும் முதலில் வெளிவருவது முளைவேர். அது நேராகக் கீழே இறங்கிய பிறகே தண்டு எழும்புகிறது. இலைகள் விரிந்து வெயிலில் உணவு தயாரிக்கத் தொடங்கும்வரை, வித்திலைகளிலோ அவற்றைச் சூழ்ந்த திசுவிலோ சேமித்துவைத்த உணவே செடியைத் தாங்குகிறது. இந்த வரிசையே விதையின் பெரும் பலம். ஆணிவேர் முதலில் ஆழம் தேடுவதால் வறட்சியிலும் காற்றிலும் இந்த மரங்கள் தாக்குப்பிடிக்கின்றன. பெரும்பாலான வைரஸ்கள் விதையின் வழியே அடுத்த தலைமுறைக்குக் கடப்பதில்லை என்பது இரண்டாவது பலம்.

தென்னைக்கும் பனைக்கும் விதையன்றி நடைமுறையில் வேறு வழி இல்லை. கறிவேப்பிலைக்கு விதையே எளிது. கனிந்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்றினால் ஏறக்குறைய மூன்று வாரங்களில் முளைக்கும். எலுமிச்சை தனி ரகம். அதன் ஒரு விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கில்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவாகின்றன. ஆகவே விதையிலிருந்து வந்தாலும் அவை தாயின் குணத்தையே கொண்டிருக்கும். ஒரு விதையில் இரண்டு, மூன்று முளைகள் வரும்போது நலிந்து நிற்பதை நீக்கிவிட்டு, ஒரே அளவாகச் செழித்து நிற்பவற்றை வைத்துக்கொள்வது வழக்கம். தாய் மரத்தில் இருக்கக்கூடிய, எலுமிச்சை இனத்தை நலிவிக்கும் டிரிஸ்டீசா வைரஸும் விதையில் வடிகட்டப்பட்டுவிடுகிறது. தாயின் குணமும் வேண்டும், நோயும் வேண்டாம், ஆணிவேரும் வேண்டும் என்ற மூன்று ஆசைகளும் ஒரே இடத்தில் நிறைவேறும் அரிய வாய்ப்பு இது. எலுமிச்சைக்கு நம் ஊர்களில் நாற்றுக்கன்றையே நடுவதற்குக் காரணமும் இதுவே. மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கத் தொடங்கிவிடும்.

விதையின் மறைமுகச் செலவு காலத்திலும் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. மல்கோவா தின்றுவிட்டுப் போட்ட கொட்டை மல்கோவாவாக வராது. பூத்த காலத்தில் எந்த மரத்து மகரந்தத்தை ஈ கொண்டுவந்ததோ அந்த மரத்தின் குணமும் அதில் கலந்திருக்கும். என்ன பழம் என்று தெரிவதற்கு ஆறு, ஏழு ஆண்டுகளாவது ஆகும்; அதற்குள் ஒரு மரத்துக்கான இடம் போயிருக்கும். கேரளக் கரையோரத்துச் சந்திரக்காரன், ஒளூர் போன்ற பல்கரு மா ரகங்கள் விதிவிலக்கு.

பப்பாளியிலும் பனையிலும் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. பப்பாளி சில மாதங்களில் பூத்துவிடுவதால் குழிக்கு மூன்று, நான்கு கன்றுகள் வைத்து, பூத்தபின் ஆண் கன்றுகளை நீக்கி, இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் விட்டுவைத்தால் போதும். கோ 7 போன்ற இருபால் ரகமாக இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. பனையில் ஆணா பெண்ணா என்பதை அறியப் பத்தாண்டுகளுக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். பனை நடுவோர் பேரப்பிள்ளைகளுக்காக நடுகிறோம் என்று சொல்வது மிகையில்லை.

இன்னும் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. மா, பலா, கறிவேப்பிலை விதைகளை நெல்லைப் போல உலர்த்திச் சேமிக்க முடியாது. ஈரம் குறைந்தால் கரு செத்துவிடும். மேலும், பாலித்தீன் பையில் அதிக நாள் நின்ற நாற்றின் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிடும். அப்படிப்பட்ட நாற்றை நட்டால் விதையின் முதல் பலமே போய்விடுகிறது. முடிந்தவரை நேரடியாகக் குழியில் விதைப்பதே நல்லது.

## போத்தும் கரணையும்

முருங்கை, பூவரசு, கல்யாண முருங்கை ஆகியவற்றின் பருத்த கிளையை வெட்டி நட்டாலே மரமாகிவிடும். கொங்குப் பகுதியில் கிளுவைப் போத்துகளை வரிசையாக நட்டு வளர்க்கும் உயிர்வேலிகள் இந்த முறையின் எளிமைக்குச் சான்று. கரும்பும் மரவள்ளியும் கரணையாக, அதாவது தண்டுத் துண்டாக, நடப்படுகின்றன. பணச்செலவு இல்லை, கைத்திறனும் அதிகம் வேண்டாம், முதிர்ந்த கிளையாதலால் காய்ப்பும் சீக்கிரம்.

போத்து நட்டவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிளையில் சேமித்திருக்கும் உணவைக் கொண்டு முதலில் தளிர் வெடித்துவிடும். பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து நீர் ஊற்றுவதை ஒழுங்கின்றி விட்டுவிடுவார்கள், அல்லது அளவுக்கு மீறி ஊற்றுவார்கள். அப்போது அடியில் வேர் வந்திருக்காது. சேமிப்பு தீர்ந்ததும் தளிர் வாடும். தளிர் முற்றி, இரண்டாம் சுற்று இலை வந்த பிறகே வேர் பிடித்ததாகக் கொள்ளலாம். நீர் தேங்கும் இடத்தில் போத்து அழுகிவிடும் என்பதையும், நுனியை மண்ணில் புதைத்துத் தலைகீழாக நட்டால் செழிக்காது என்பதையும், மேல்முனையில் சாணம் அப்புவது ஈரம் காய்ந்துபோகாமல் காப்பதற்கே என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்த முறையின் பெரிய மறைமுகச் செலவு நோய்தான். மரவள்ளித் தேமல் நோயை வெள்ளை ஈக்கள் பரப்புகின்றன என்றாலும், நோயுற்ற செடியிலிருந்து கரணை வெட்டிய விவசாயியே அதை அடுத்த ஆண்டு வயலுக்குக் கொண்டுசெல்கிறார். இலையில் தேமல் தெரியாத செடிகளை அறுவடைக்கு முன்பே அடையாளமிட்டு வைத்துக் கரணை எடுப்பது இதனால்தான். இலை உதிர்ந்த பிறகு நல்ல தண்டையும் நோய்த் தண்டையும் பிரித்தறிய வழியில்லை.

கரும்பு விவசாயி எந்நாளும் கரணையே நடுகிறார் என்பதால் கரும்புக்கு விதை தேவையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், ‘வெள்ளை’ என்ற ஆலைக்கரும்பின் பூவோடு காட்டுக் கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்து உண்டாக்கிய கோ 205 ரகம் 1918இல் வயலுக்கு வந்தது. புதிய ரகம் பிறப்பதற்குப் பூவும் விதையும் வேண்டும். பிறந்த ரகத்தைக் காப்பாற்றிப் பெருக்கக் கரணை வேண்டும்.

## பதியம்

கிளையை வெட்டி நட்டால் வேர் வருமுன் வாடிவிடும் செடிகளுக்குப் பதியம் ஏற்றது. கிளை தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வேர் விடவைத்துப் பிறகு பிரிப்பதே இதன் சாரம். விண்பதியத்தில் பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசியை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டுகிறார்கள். நீர் கட்டை வழியே மேலே ஏறிக்கொண்டிருக்கும். இலைகள் தயாரித்த சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியும் பட்டை வழியேதான் கீழே இறங்க வேண்டும் என்பதால் வெட்டுவாயில் தேங்கி அங்கே வேரைத் தூண்டுகின்றன. ஒன்றிரண்டு மாதங்களில் தாளுக்குள் வேர் தெரியும். ஒரே வெட்டில் பிரிக்காமல் இரண்டு, மூன்று தடவையாக வெட்டை ஆழப்படுத்திப் பிரிப்பது பாதுகாப்பு.

பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடியை அறிந்தவர்களுக்குக் கொய்யாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதியக் கொய்யா இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கும். குண்டுமல்லி நம் தோட்டங்களில் விதை பிடிப்பதில்லை என்பதால் பதியமும் குச்சியுமே அதற்கு வழி. ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பகுதியில் வேர்விட்ட மல்லிகை நாற்றுகளை உற்பத்தி செய்து வெளியூர்களுக்கு அனுப்புவது தனித் தொழிலாகவே இருக்கிறது.

குறைகள் இரண்டு. பதியச் செடிக்கு ஆணிவேர் இராது. காற்று அடிக்கும் இடத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் ஊன்றுகோல் வேண்டும். மற்றொன்று, நர்சரி மண்ணோடு வரும் வேர்முடிச்சு நூற்புழு. கொய்யாத் தோட்டங்களில் இதன் தொல்லை கடுமையானது. பையைக் கிழித்து ஒரு கன்றின் வேரிலாவது முடிச்சுகள் இருக்கின்றனவா என்று பாராமல் நூறு கன்றுகளை வண்டியில் ஏற்றுவது கூடாது. வீட்டுக்கு ஒரு மரம் போதுமென்றால் நண்பர் வீட்டு மரத்தில் நாமே பதியம் போட்டுக்கொள்வது நல்லது.

## ஒட்டு

ஒட்டில் இரண்டு செடிகள் ஒரு மரமாகின்றன. கீழே வேர்ச்செடி, பெரும்பாலும் கொட்டையிலிருந்து வளர்த்த நாற்று. மேலே நாம் விரும்பும் ரகத்தின் கிளை. இரண்டின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்திசு ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒட்டு சேரும். தென்னைக்கும் வாழைக்கும் அப்படிப்பட்ட வளர்திசு வளையம் இல்லாததால் அவற்றில் ஒட்டுக்கே இடமில்லை. விதையின் ஆணிவேரையும் தாயின் பழக்குணத்தையும் ஒருசேரப் பெறும் வழி இது; ஆனால் பையிலேயே நாள்பட வளர்ந்த வேர்ச்செடியாக இருந்தால் அந்த ஆணிவேர் பெயரளவிலேயே இருக்கும். சப்போட்டாவைப் பாலை மரத்தின் நாற்றில் ஒட்டுவதும் இவ்வாறே, வறட்சி தாங்கும் வேருக்காக.

ஒட்டு மாங்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் பலன் தரத் தொடங்கும். முதலாண்டே பூக்கும் கன்றைப் பார்த்து மகிழ்ந்து பூவை விட்டுவைக்காமல், முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையெனில் மரம் வளராது.

மறைமுகச் செலவு கண்காணிப்பில் இருக்கிறது. ஒட்டுப் பகுதிக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிர்களைக் கிள்ளாமல் விட்டால் அவையே ஓங்கி, மேலே உள்ள ரகம் செத்து, ஐந்தாண்டு கழித்து அங்கே நிற்பது வெறும் நாட்டு மாமரமாக இருக்கும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா தண்டை இறுக்காதபடி அதை அவிழ்த்துவிட வேண்டும். நாற்றுக்கன்றையே ஒட்டுக்கன்று என்று விற்பதும் உண்டு. தண்டில் வெட்டிச் சேர்த்த தழும்பும், அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறவேறுபாடும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்த்து வாங்குவதே இதற்கு மருந்து.

எனினும் நாட்டு மாமரத்தை இழிவாகக் கருத வேண்டியதில்லை. அகன்ற நிழலும் ஊறுகாய்க்கு வடுவும் வேண்டும், இடமும் நிறைய இருக்கிறது என்றால், தானாக முளைத்த அந்தக் கன்றை விட்டுவைப்பதே என் தேர்வு.

## ஒரே பார்வையில்

| முறை | தாயின் குணம் | காத்திருப்பு | வேர் | நோய் | பொருந்துபவை |
|---|---|---|---|---|---|
| விதை | பெரும்பாலும் மாறும். எலுமிச்சையில் மாறாது | மரங்களில் நீண்டது | ஆணிவேர். தென்னை, பனையில் இல்லை | வைரஸ் அரிதாகவே தொடரும் | தென்னை, பனை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை, செடிமுருங்கை |
| போத்து, கரணை | மாறாது | குறுகியது | பக்கவேர் | தாயின் நோய் தொடரும் | மரமுருங்கை, பூவரசு, கிளுவை, மரவள்ளி, கரும்பு |
| பதியம் | மாறாது | குறுகியது | பக்கவேர் | நர்சரி மண்ணில் நூற்புழு வரலாம் | கொய்யா, மல்லிகை, மாதுளை |
| ஒட்டு | மாறாது | நடுத்தரம் | நாற்றின் வேர் | தாயின் நோய் தொடரலாம் | மா, சப்போட்டா |
| பக்கக்கன்று | மாறாது | குறுகியது | பக்கவேர் | தாயின் நோய் தொடரும் | வாழை |
| திசு வளர்ப்பு | பெரும்பாலும் மாறாது | குறுகியது | பக்கவேர் | சோதித்த தாயாயின் மிகக் குறைவு | வாழை |

## முருங்கை: ஒரே பெயரில் இரண்டு பயிர்கள்

முருங்கையில் குழப்பம் மிகுவதற்குக் காரணம் உண்டு. எப்போதும்வென்றான் வட்டாரத்து முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம், முருங்கையை ஏறக்குறைய ஒரு காய்கறிச் செடியாகவே, அதாவது செடிமுருங்கையாக, மாற்றிவிட்டது. விதைத்து ஆறு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். ஆண்டுக்கொரு முறை தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டு, அடியிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பாக மூன்று ஆண்டுகள் வரை பலன் எடுக்கலாம். ஒரு ஏக்கருக்குப் போத்து திரட்ட வேண்டுமானால் எத்தனை மரங்களை மொட்டையடிக்க வேண்டும் என்று கணக்கிட்டால் விதையின் அருமை புரியும். ஏக்கருக்குக் கால் கிலோவுக்கும் குறைவான விதையே போதும்.

வீட்டுக்கொல்லையில் கணக்கு வேறு. அங்கே வேண்டியது ஆண்டுக்காண்டு கீரையும் காயும் தரும் ஒரு மரம்; அதன் காயின் சதைப்பற்றையும் சுவையையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். காய் நன்றாக இருக்கும் மரத்தைப் பார்த்து, கையளவு பருமனும் மூன்றடி முதல் ஐந்தடி நீளமும் உள்ள போத்தை வெட்டி நட்டால், ஓராண்டு நிறைவதையொட்டிக் காய்க்கத் தொடங்கும். யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை போன்ற மர வகைகளைக் குணம் மாறாமல் காப்பாற்றவும் போத்து வேண்டும்.

விதையில் இறங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: முருங்கை வண்டும் தேனீயும் வந்து மகரந்தம் சேர்க்கும் பயிர். பக்கத்தில் மரமுருங்கை நிற்கும் தோட்டத்தில் பி.கே.எம்.1 செடியிலிருந்து சொந்தமாக எடுத்த விதை, அடுத்த நடவில் சீராக வராது. விதையை நம்பத்தக்க இடத்தில் புதிதாக வாங்குவது வீண் செலவுபோலத் தோன்றினாலும் அதைத் தவிர்க்கக் கூடாது.

## வாழை: கன்றா, திசு வளர்ப்பா

நாம் உண்ணும் வாழைப்பழத்தில் விதை இல்லை. கருவுறாமலே காய் பருக்கிறது. பூ இருந்தும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படாத பயிர் இது. எனவே தேர்வு பக்கக்கன்றுக்கும் திசு வளர்ப்புக் கன்றுக்கும் இடையில்தான்.

பக்கக்கன்றில் ஈட்டிக்கன்றையே எடுக்க வேண்டும். குறுகிய இலையும் பருத்த அடிக்கிழங்கும் அதன் அடையாளம். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை நன்று. இளமையிலேயே அகன்ற இலை விட்டு அழகாகத் தோன்றும் நீர்க்கன்றின் கிழங்கு மெலிந்திருப்பதால் அது நல்ல தார் தராது. சொந்தத் தோட்டத்துக் கன்றுக்குப் பணம் தர வேண்டாம். ஆனால் கிழங்கோடு வண்டும் நூற்புழுவும், கன்றோடு முடிக்கொத்து வைரஸும், ரஸ்தாளியில் வாடல் நோய்ப் பூஞ்சையும் பயணம் செய்கின்றன. சிறுமலை, விருப்பாட்சி மலைவாழைகள் முடிக்கொத்து நோயால் பட்ட பாடு இதற்கு நம்மூர்ச் சான்று. நடு அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களில் கிராஸ் மிஷேல் என்ற ஒரே ரகத்தைக் கன்று கன்றாகப் பெருக்கி நட்டதால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பனாமா வாடல் நோய் அதை வணிகத்திலிருந்தே அகற்றியது. அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது.

திசு வளர்ப்பில் நுனிக்குருத்தின் சிறு துண்டிலிருந்து, கிருமி நீக்கிய கண்ணாடிக் கலனில் ஆயிரக்கணக்கான கன்றுகள் உண்டாகின்றன. பூஞ்சையும் புழுவும் இராது. வைரஸ் இராது என்று சொல்வதற்குத் தாய்ச்செடியைச் சோதித்திருக்க வேண்டும். சோதிக்காத தாயிலிருந்து எடுத்தால் ஆய்வகம் வைரஸையும் ஆயிரமாகப் பெருக்கித்தரும். ஆகவே விலையைக் கேட்குமுன் வைரஸ் பரிசோதனைச் சான்றைக் கேட்க வேண்டும். கன்றுகள் எல்லாம் ஒரே வயதாகையால் தார்கள் ஏறக்குறைய ஒன்றாகவே முதிரும். மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றும், ஜி9 என்ற கேவண்டிஷ் வகை வாழையைப் பயிரிடும் விவசாயிக்கு இது வரம், வீட்டுக்கு நாலு வாழை வைத்திருப்பவருக்குத் தொல்லை. முதல் மாதங்களில் தண்ணீரும் கவனிப்பும் கூடுதலாக வேண்டும். கன்றுக்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவும் வேண்டும்.

என் பரிந்துரை இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவது. புதிய நிலத்தில் முதல் நடவுக்குச் சான்றுள்ள திசு வளர்ப்புக் கன்றை வாங்கி, அடுத்த நடவுகளுக்குச் சொந்தத் தோட்டத்து ஈட்டிக்கன்றுகளை எடுத்துக்கொள்ளலாம். இலைக்காம்பிலும் நரம்போரத்திலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்து, இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கினால் அது முடிக்கொத்து நோய்; அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. முதலில் இந்த வைரஸைப் பரப்பும் அசுவினிகள் பறந்து பரவாதபடி அவற்றைக் கொன்று, பிறகு அந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிட வேண்டும். அந்தப் பாத்தியிலிருந்து, பார்வைக்கு நலமாகத் தோன்றினாலும், ஒரு கன்றையும் எடுக்காமல் மறுபடியும் திசு வளர்ப்புக் கன்றுக்குப் பதிவு செய்ய வேண்டியதுதான்.